தெற்கு மதில் யார் உபயம்?

திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்பவர், மாவட்டத்தின் தென்னெல்லையில் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். மகாவலி கங்கையின் கிளைகளுள் ஒன்றாகிய வெருகல் ஆறு அது. முன்னாளில் 'பாதை' என்று எம்மவர் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரை சேரலாம். மாரியில் ஆறு பெருகினால் பாதையும் ஓடாது. பயணிகள் கரையிலே காத்துக் கிடப்பார்கள். போர் ஓய்ந்தபின் பாலம் அமைந்தது. இப்போது வாகனத்தில் போகிறவர் ஆற்றைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். ஆனால் அந்த ஆற்றங்கரையில்தான் சித்திரவேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் நோக்கி நடக்கும் பாத யாத்திரிகர்கள் தங்கி இளைப்பாறிச் செல்லும் தலங்களுள் அதுவும் ஒன்று.

அக்கோயிலில் ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு உண்டு. வரலாற்றறிஞர்கள் அதனைப் படித்து வெளியிட்டிருக்கிறார்கள். கல்வெட்டு என்றதும் மன்னனின் மெய்க்கீர்த்தியும், வென்ற நாடுகளின் பட்டியலும் நம் நினைவுக்கு வரும். வெருகல் கல்லில் அவை எவையும் இல்லை. முருகனுக்கு வணக்கம் கூறிவிட்டு, தெற்கு மதில் கயிலாய வன்னியனாரின் உபயம் என்று அது சொல்கிறது. மற்ற மதில்களுக்கும் அவ்வாறே அவரவர் பெயர். நான்கு பக்கமும் கட்டி முடிக்க ஒருவர் கை போதவில்லை. பலர் சேர்ந்து பங்கிட்டுக்கொண்டார்கள். கல்லின் செய்தி அவ்வளவுதான்.

உபயம் என்ற இந்தச் சொல்லைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சற்று எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். நம் கோயில்களில் முதலாந் திருவிழா இன்னார் உபயம், தேர்த் திருவிழா இன்ன குடியார் உபயம் என்று விளம்பரத்தில் அச்சடிக்கிறோம். உபயகாரர் தம் பொருளையும் உழைப்பையும் தருகிறார், பெயர் எழுதப்படுகிறது. ஆனால் தெற்கு மதிலைக் கட்டியதனால் கோயில் எனக்கே உரியது என்று அவர் சொல்ல முடியாது. சொன்னால் ஊர் சிரிக்கும். கொடுப்பவருக்குப் பெயர் உண்டு, பொறுப்பு உண்டு, உடைமை இல்லை. நமது ஊர்களின் வரலாற்றைத் தேடிக் காத்து வந்தவர்களும் இந்த முறையிலேயே செயற்பட்டிருக்கிறார்கள். பதவியில்லாமல், சம்பளமில்லாமல், ஆளுக்கொரு மதிலாக எழுப்பியிருக்கிறார்கள். இன்று ஊர்தோறும் மரபுரிமைக் கழகம் வேண்டும் என்று பேசுகிற இளைஞர்கள் இந்த முன்னோர்களை அறிந்திருப்பது நல்லது.

வெருகல் அமைந்த நிலப்பகுதிக்குக் கொட்டியாரப் பற்று என்பது பழம் பெயர். திருகோணமலைப் பற்று, தம்பலகாமப் பற்று, கட்டுக்குளப் பற்று என்பன அதனுடன் சேர்த்து எண்ணப்படும் ஏனைய பற்றுகள். இப்பற்றுகளுக்குக் கோணேசர் கோயிலோடு இருந்த உறவை விரித்துரைப்பது 'கோணேசர் கல்வெட்டு'. பெயரைப் பார்த்து இது கல்லில் வெட்டியது என்று எண்ணிவிடக் கூடாது. இது கவிராஜவரோதயன் இயற்றியதாக வழங்கும் ஏட்டு நூல். குளக்கோட்டன் கோயிலையும் குளத்தையும் அமைத்து, தானத்தார், வரிப்பத்தார் முதலியோரைக் குடியேற்றி, யார் யார் என்ன தொழும்பு செய்வது, எதனைக் கொடுப்பது என்று வகுத்த வரலாறாக அது அமைகிறது. அந்த நூலின் பெரும்பகுதி கடமைப் பட்டியல்தான். ஒரு கோயில் நிலைத்து நிற்பதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை அதனைப் போலச் சொல்லும் நூல் நம்மிடம் அரிது.

ஆயினும் ஊர் வரலாறு எழுதுவோர் முதலில் இடறி விழும் இடமும் இதுவே. கந்தளாய்க் குளத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் மரபு அதைக் குளக்கோட்டன் கட்டியதாகச் சொல்கிறது. சூளவம்சத்தை ஆதாரமாகக் கொள்வோர் இரண்டாம் அக்கபோதி மன்னனின் பணி என்பர். ஊர்ப்பற்றுள்ள ஒருவர் செய்யக்கூடிய எளிய காரியம், ஒன்றை உண்மை என்றும் மற்றதைப் பொய் என்றும் மேடையில் முழங்குவது. கடினமான காரியம், இரண்டு மரபுகளும் எந்த ஏட்டில், எந்தக் காலத்தில், யார் வாயிலாக வந்தன என்று எழுதி வைப்பது. கைதட்டல் முன்னதற்குக் கிடைக்கும். பேரப்பிள்ளைகளுக்கு உதவுவது பின்னது.

அந்தக் கடினமான வழியில் நடந்தவர்களுள் திருகோணமலை வே. அகிலேசபிள்ளையை முதலில் நினைக்க வேண்டும். 1853 இல் பிறந்து 1910 இல் மறைந்தவர். அவர் காலத்தில் இப்பகுதியின் பழைய செய்திகள் வீட்டு வளைகளிலும் கோயில் பெட்டிகளிலும் ஏடுகளாகக் கிடந்தன. ஏட்டின் இயல்பு நேயர்கள் அறிந்ததே. செல்லும் பூச்சியும் தின்னும். கடற்காற்றின் ஈரம் அரிக்கும். இரண்டு மூன்று தலைமுறைக்கொருமுறை யாராவது பெயர்த்து எழுதாவிட்டால் அது இல்லாமற் போகும். பெயர்த்து எழுதுபவரோ சில வேளைகளில் தம் குடியின் பெருமையையும் இடையிற் சேர்த்துவிடுவார். எனவே ஏட்டைத் தேடினால் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்கவும் தெரிய வேண்டும். அகிலேசபிள்ளை தேடித் தொகுத்து எழுதிய 'திருக்கோணாசல வைபவம்' அவர் உயிருடன் இருக்கையில் நூலாகவில்லை. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1950 இல்தான் அச்சாகியது. நாற்பது ஆண்டுகள் அந்தக் கையெழுத்துக் கட்டைக் கறையானுக்குக் கொடுக்காமல் காத்ததும் ஓர் உபயமல்லவா? எழுதியவரை நாம் நினைக்கிறோம்; பெட்டியைத் திறந்து வெயில் காட்டி மூடிய வீட்டாரை நினைப்பதில்லை.

அதே 1950 இல் திருகோணமலையில் இன்னொன்று நடந்தது. நகரசபையார் கிணறு ஒன்று வெட்டுகையில் மண்ணுக்குள்ளிருந்து தெய்வத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1624 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது அடியார்கள் மறைத்து வைத்த திருமேனிகள் இவை என்று மக்கள் உருகினார்கள். ஊர்வலமும் வழிபாடும் நடைபெற்றன. 1963 இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகமாகியது. பக்திப் பெருக்கின் நடுவே ஒருவர் வேறொரு வேலையையும் செய்தார். வைத்திய கலாநிதி டபிள்யூ. பாலேந்திரா, அத்திருமேனிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைத் தனிநாயகம் அடிகளார் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' ஆங்கில இதழில் 1953 இல் வெளியிட்டார். நோயாளிகளைப் பார்ப்பது அவர் தொழில். விக்கிரகக் கலை அவர் தொழிலன்று. என்றாலும் எழுதியமையால் உலகத்து அறிஞர்கள் திருகோணமலை வெண்கலங்களை அறிந்தனர்.

ஆற்றுக்கு அப்பால் மட்டக்களப்பிலும் இதே காலத்தில் மதில்கள் எழுந்தன. ஏடுகளிற் கிடந்த 'மட்டக்களப்பு மான்மியம்' எப்.எக்ஸ்.சி. நடராசாவின் முயற்சியால் 1962 இல் அச்சு வடிவம் பெற்றது. பண்டிதர் வி.சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலை 1964 இல் தந்தார். கூத்தும் கொம்பும் வசந்தனும் வழிபாடும் நாட்டுப் பாடலும் வரலாறாகும் என்று நமக்குக் கற்பித்த நூல் அது. 1970களில் ஆய்வாளர் குணசிங்கம் நிலாவெளிக் கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டபோது, கோணேசர் கோயிலுக்கு 250 வேலி நிலம் உரித்தாயிருந்த செய்தி தெரியவந்தது. அவ்வளவு நிலம் இருந்தது என்று ஊரில் எத்தனை பேர் எத்தனை முறை பெருமை பேசினாலும் அது பேச்சாகவே நின்றிருக்கும். கல்லைப் படித்து அளவை எழுதியபின் அது சான்றாயிற்று.

இனி, துயரத்துக்கு வருவோம். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூலுக்கு வேறெங்காவது ஒரு படி இருக்கக்கூடும். ஒரே படியாக இருந்த ஏட்டுக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் அந்த நம்பிக்கை இல்லை. வெருகலுக்கு வந்த அழிவோ வேறு வகையானது. 2004 ஏப்ரலில் ஆற்றங்கரையிலே மோதல். அதே ஆண்டு டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை. 2006 இல் போர். ஈச்சிலம்பற்று, மூதூர் கிழக்கு மக்கள் வாகரைக்கு ஓடி, அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனார்கள். ஓடுகிறவர் எதைத் தூக்குவார்? குழந்தையை, கிழவியை, அரிசியை, அடையாள அட்டையை. தாத்தாவின் நாட்குறிப்பும், கலியாணப் படமும், கோயில் வரவுசெலவுக் கொப்பியும், காணி உறுதியும் பின்னால் கிடக்கும். திரும்பி வரும்போது வீடும் இராது, அவையும் இரா. நூலகம் எரிந்ததை உலகம் அறியும். ஓர் ஊரின் எல்லாத் தகரப் பெட்டிகளும் காணாமற் போனால் அதற்கு நினைவு தினம் கிடையாது.

இந்த இழப்பின் நடுவேதான் நம் காலத்து உபயகாரர்களின் முயற்சியொன்று தொடங்கியது. 2005 இல் இளைஞர் சிலர் சேர்ந்து ஈழத்து நூல்களைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் 'நூலகம்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னோடியாக 1998 இல் 'மதுரைத் திட்டம்' தொடங்கியிருந்தது. அதிலும் உழைத்தவர்கள் தன்னார்வலர்களே. 'நூலகம்' முயற்சியில் என்னைக் கவர்ந்தது, அவர்கள் பெரிய நூல்களோடு நின்றுவிடவில்லை என்பது. பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், வாசிகசாலை ஆண்டறிக்கை, இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலர் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். நினைவு மலரை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒருமுறை புரட்டி மூலையிற் போடுகிறோம். அதில் ஒரு குடும்பத்தின் வம்சாவளி இருக்கும். அழிந்துபோன ஒரு பாடசாலையின் பெயர் இருக்கும். யாரும் அச்சிடாத ஓர் ஊர்ப் பாடல் இருக்கும். ஊர் வரலாறு எழுத முற்படுபவருக்கு அரச வரலாற்றைவிட அது பயன்படும் வேளைகள் பல.

ஆனால் சேர்ப்பதற்கு முதல், அழிக்காமல் இருக்க வேண்டும். இங்கே நேயர்களிடம் சற்றுக் கண்டிப்பாகப் பேச அனுமதி வேண்டும். நம் கோயில்களுக்குக் குண்டு வீச்சால் வந்த சேதம் ஒருபுறமிருக்க, புனருத்தாரணத்தால் வந்த சேதமும் குறைவன்று. பழைய மதிலை இடித்துச் சீமெந்து மதில் கட்டுகிறோம். எழுத்துள்ள கல்லைப் படியாகப் போடுகிறோம். அல்லது சுண்ணாம்பும் நிறப்பூச்சும் பூசி எழுத்தை மூடுகிறோம். செய்பவர்கள் கெட்டவர்களல்லர், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளும் ஊரில் நின்று வெயிலிற் காயும் தொண்டர்களுமே. அன்பினாலே அழிக்கிறோம். இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுக்குகிறோம் என்று சுரண்டிச் சிதைத்தபோது, கவிஞரும் கலைஞருமான வில்லியம் மொறிஸ் கொதித்தெழுந்து 1877 இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பழையதைப் பழையதாகவே பேணுங்கள், ஒழுகினால் ஒழுக்கை அடையுங்கள் என்பது அவர்கள் கட்சி. அந்த மொறிஸிடம் ஈடுபாடு கொண்டவர் நம் ஆனந்த குமாரசுவாமி. 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்தவர். மொறிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலேயே தமது சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908 இல் அச்சிட்டார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர், சிங்களக் கம்மியரின் கைத்திறனை உலகறியச் செய்தார் என்பதை இவ்விடத்தில் மறக்கலாகாது.

ஏனெனில், வெருகல் போன்ற ஓர் இடத்தில் மரபுரிமை பேசுவது இலேசான காரியமன்று. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் நியமிக்கப்படவில்லை. அது கண்டனத்துக்குள்ளானதில் வியப்பில்லை. தங்கள் வயலிலுள்ள ஒரு செங்கல் மேடு நாளை வேலியடைக்கப்படுமோ என்ற அச்சம் உழவர்களுக்கு உண்டு. அந்த அச்சத்தினால் கண்டெடுத்த கல்லை மறைப்போரும் உண்டு. மறைத்த கல் யாருக்கும் சாட்சி சொல்லாது.

பிறர் நம்மை விட்டுவிட்டு எழுதுகிறார்கள் என்று குறைகூறும் நாம், நம் கணக்கில் யாரை விட்டுவிடுகிறோம் என்றும் பார்க்க வேண்டும். வெருகல், வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறார்கள். செலிக்மன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வேடர்களைப் பற்றி 1911 இல் வெளியிட்ட நூலில் இக்கரையோர வேடர்களுக்கும் இடமளித்தார். நம் தலவரலாறுகளில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு? மூதூரிலும் தோப்பூரிலும் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் மக்களின் நினைவுகள் கொட்டியாரப் பற்றின் வரலாற்றில் சேர வேண்டாமா? திருகோணமலைக்கு வடக்கே பெரியகுளத்தில் சோழர் காலத்து இராசராசப் பெரும்பள்ளி இருக்கிறது. அது பௌத்த விகாரை. அங்கே கிடைத்த கல்வெட்டுகள் தமிழிலே உள்ளன. தமிழரெல்லாம் சைவர், பௌத்தமெல்லாம் சிங்களம் என்ற இன்றைய கணக்கு அந்தக் கல்லின் முன் செல்லாது. அதனை மறைக்க விரும்புபவர் இரு பக்கத்திலும் இருக்கலாம். ஊர்க் கழகத்துக்கு அந்த விருப்பம் இருக்கக் கூடாது.

அப்படியானால் ஒரு கழகம் கூடிச் செய்ய வேண்டியது என்ன? பொன்னாடையும் மங்கள விளக்கும் பிறகு வரட்டும். முதலில் ஒரு கொப்பி வேண்டும். எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்தத் திகதியில், யார் கண்டார் என்று அதில் எழுத வேண்டும். கல்லைப் பெயர்த்து வீட்டுக்கோ மண்டபத்துக்கோ கொண்டுவரக் கூடாது. இடம் பெயர்ந்த கல் பாதி ஊமை. படம் எடுக்கலாம், இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. பக்கவாட்டில் வெயில் சாயும் காலையிலோ மாலையிலோ எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். மைப்படி எடுப்பதைப் பயிற்சியுள்ளவரிடம் விட்டுவிட வேண்டும். மண்ணைத் தோண்டவே கூடாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அனுமதியின்றித் தோண்டுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 1815 மார்ச் 2 இற்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. கண்டவர் அறிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அறிவிப்பதோடு அறிவித்த கடிதத்தின் பிரதியைக் கழகம் வைத்திருக்க வேண்டும். பின்னொரு நாளில் அந்தப் பிரதியே ஊரின் சாட்சி.

அடுத்தது முதியவர்கள். பாதையில் ஆற்றைக் கடந்த காலத்தைத் தம் கண்ணாற் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும்போது திருத்தக் கூடாது. 'பாட்டி, அது அப்படியில்லை, புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது' என்று குறுக்கிட்டால் பாட்டி வாயை மூடிவிடுவாள். அவள் சொன்னது அவள் சொன்னதாக இருக்கட்டும். புத்தகம் சொன்னது அருகிலே இருக்கட்டும். ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வதிலும் அவசரம் வேண்டாம். வெருகு என்றால் காட்டுப்பூனை என்று அகராதி சொல்லும். அதை வைத்து வெருகலுக்கு ஒரு கதை கட்ட அரை மணித்தியாலம் போதும். கட்டிய கதை அடுத்த மலரில் வரலாறாகிவிடும். அதன் பின் அதைக் கழற்ற ஒரு தலைமுறை வேண்டும்.

1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலக் கப்பலோட்டி றொபேட் நொக்ஸின் கதை உலகத்துக்குத் தெரிகிறது. தப்பிச் சென்றவர் 1681 இல் அதை நூலாக வெளியிட்டார். அவர் பிடிபட்ட அன்று கரையில் நின்றவர்களுக்கும் அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஏதேனும் இருந்திருக்கும். எழுதவில்லை, போய்விட்டது. நொக்ஸின் மேல் நாம் கோபிப்பதில் பொருளில்லை.

வன்னியனார் தம் பங்குக்குத் தெற்கு மதிலைக் கட்டினார். கட்டியதைக் கல்லில் எழுதியும் வைத்தார். அதனால்தான் அவரையும், அவரோடு மற்ற மதில்களைக் கட்டியவர்களையும் இன்று நாம் பேசுகிறோம். இம்முறை ஆவணித் திருவிழாவுக்கு வெருகலுக்குப் போகிறவர்கள் சுவாமியைக் கும்பிட்டபின் அந்தக் கல்லையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும், உங்கள் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் பழைய மலரையும் கொப்பியையும் வெளியே எடுத்துத் தூசி தட்டுங்கள். முதற் பக்கத்தில் அது யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.